தீபாவளிக்குள் முடி வளரணும்

எனக்கு வேலை கிடைக்காமல் போனதால்தான் நான் அடுத்தவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கிறவன் ஆனேன். பட்டம் வாங்கிக்கொண்டு காரைக்காலுக்கும் புதுச்சேரிக்குமாகப் பஸ்ஸில் அலைந்தேன். போன இடத்திலெல்லாம் இன்டர்வியூ எடுத்தவர்களைச் சிரிக்க வைத்தேன். சிரித்து முடித்துவிட்டு வேறு யாருக்காவது வேலையைக் கொடுத்தார்கள். கடைசியில் மாமனார் தயவில் கடைத்தெருவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் திறந்து உட்கார்ந்தேன். என்னிடம் தட்டிப் பழகிய நாலைந்து பேருக்கு வேலை கிடைத்தது. அவர்கள் கெட்டிக்காரர்கள், எங்கே போயிருந்தாலும் கிடைத்திருக்கும். ஆனால் ஊர் அந்தப் பெருமையை என் தலையில் கட்டி, 'எம்ப்ளாய்மென்ட்' என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்தது. புகழ் சும்மா வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? நானும் வைத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில் அடித்த அந்தப் பெரிய புயலுக்குப் பிறகு, காலையில் கடையைத் திறப்பதே எனக்கு ஒரு சங்கடமாகிவிட்டது. ஷட்டரை ஒட்டி வரிசையாகப் படுத்திருப்பார்கள். எல்லாம் மீசை அரும்பியும் அரும்பாததுமான பையன்கள். கடலோரத்துக் குடிசைகளோடு அப்பா அம்மாவையும் தண்ணீரில் விட்டவர்கள். பஸ் ஸ்டாண்டில் போலீஸ்காரர் விரட்டினால் என் வாசலுக்கு வருவார்கள். என் வாசலில் நான் எழுப்பினால் பஸ் ஸ்டாண்டுக்குப் போவார்கள். சுமை தூக்க, செங்கல் ஏற்ற என்று கூப்பிட்ட நாளில் சோறு. கூப்பிடாத நாளில் குழாய்த் தண்ணீர். தமிழ்நாட்டுப் பக்கம் மதுவிலக்கு என்பதால் வாஞ்சூர் எல்லையில் பாட்டில் கடத்தும் வேலை மட்டும் எப்போதும் காலியாக இருந்தது. அதற்கு யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. போனவர்களில் சிலர் திரும்பவில்லை.

அந்த வரிசையில் ஒருவன் மட்டும் நான் எழுப்பும் முன்பே எழுந்து, படுத்த இடத்தைக் கையால் தள்ளிச் சுத்தம் செய்துவிட்டு நிற்பான். இருபது வயது இருக்கலாம். நிவாரணத்தில் கிடைத்த சட்டை, யாரோ ஒரு குண்டு மனிதருடையது, அவன் மேல் கொடியில் காய்வது போலத் தொங்கும்.

"சார்தான் வேலை வாங்கித் தர்றவரா?" என்றான் ஒருநாள்.

"அப்படித்தான் ஊர்ல பேசிக்கறாங்க. என்னா வேலை வேணும்?"

"ஜவுளிக்கடை சார்."

நான் சிரித்துவிட்டேன். பசித்தவன் ஹோட்டல் வேலை கேட்பான். இவன் ஜவுளிக்கடை கேட்கிறானே! "ஏன்டாப்பா ஜவுளிக்கடை?"

"அங்க வேலை பாக்குறவங்க மேல்மாடியிலயே தங்கிக்கலாம் சார். மத்தியானம் சோறு போடுறாங்க." கொஞ்சம் தயங்கினான். "புதுத் துணியைப் பிரிச்சுக் காட்டுற வேலை. புயலுக்கப்புறம் நான் புதுசு எதையும் தொட்டதில்ல."

அன்றே அவனை அழைத்துக்கொண்டு கடைத்தெருவின் பெரிய ஜவுளிக்கடைக்குப் போனேன். முதலாளி எனக்குப் பழக்கம். என்னைப் பார்த்தாலே சிரிக்கத் தயாராகிவிடும் ஆத்மா.

"வாங்க எம்ப்ளாய்மென்ட்! யாரு, புது மாப்பிள்ளையா?"

"உங்க கடைக்குத்தான் மாப்பிள்ளை. சீதனம் ஒண்ணும் வேணாம், மேல்மாடியில ஒரு பாய் போதும்."

முதலாளி அவனைப் பட்டு எடை போடுவது போலப் பார்த்தார். "எங்க தங்கியிருக்கான்?"

அந்தக் கேள்விதான். எங்கே போனாலும் அந்தக் கேள்விதான். என் கடை வாசல் என்று சொன்னால் நானும் சேர்ந்து வீடில்லாதவன் ஆகிவிடுவேன். விழித்தேன்.

"தப்பா நெனைக்காதீங்க. பட்டு புழங்குற எடம். ஒரு வீட்ல அடங்கி இருந்தான்னு நாலு பேரு சொல்லணும். ஒரு கௌரவமான எடத்துல கொஞ்ச காலம் இருக்கட்டும். தீபாவளிக்கு ஆள் எடுப்பேன், அப்பக் கூட்டியாங்க. சத்தியமா சேத்துக்கறேன்."

வீடில்லை என்பதால் வேலை இல்லை. வேலை கிடைத்தால்தான் வீடு. இந்தக் கணக்கைப் போட்டவன் கையில் சிக்கினால் அவனுக்கும் டைப் சொல்லிக் கொடுத்துப் பழிவாங்கலாம் என்று இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்தச் சொல்தா நினைவுக்கு வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவர் சைகோனில் சண்டை போட்டவர். மனைவி போய்விட்டாள். மகன்கள் இருவரும் பிரான்சில் குடும்பம் குட்டியோடு இருந்தார்கள். இவர் எங்கள் தெருவில் தேக்குக் கதவு போட்ட பெரிய வீட்டில், ஒரு கால் விழுந்துபோய், தனியாக. வேலைக்கு வருகிறவர்களைப் பிரெஞ்சில் திட்டுவார். அர்த்தம் புரியாதவரை இருந்துவிட்டு, புரிந்ததும் ஓடிவிடுவார்கள்.

"இவன் ஓட மாட்டான்," என்று நான் உத்தரவாதம் கொடுத்தேன்.

"எப்படிச் சொல்றே மாஸ்டர்?"

"ஓடிப் போறதுக்கு எடம் இல்லீங்க."

கிழவர் முதல் தடவையாக என் நகைச்சுவைக்குச் சிரித்தார். நான் சொன்னது நகைச்சுவையே அல்ல என்பது எனக்கும் அவனுக்கும் தெரியும்.

அவன் அங்கே இருந்தான். குளிப்பாட்டினான், முகம் வழித்துவிட்டான், கருவூலத்துக்குப் போகும் நாளில் தொப்பி வைத்து ரிக்‌ஷாவில் ஏற்றினான். கிழவருக்கு ஒரு பழக்கம். மேஜையில்தான் சாப்பிடுவார், எதிரே ஆள் உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டும். முதல் நாள் அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனானாம். "எங்கடா போறே? நான் என்ன நாயா, தனியாத் திங்க?" என்று கத்தி எதிர் நாற்காலியில் உட்கார வைத்தாராம். இதை அவன் என்னிடம் சொன்னபோது புகார் சொல்வது போலத்தான் சொன்னான். "கைய எங்க வைக்கிறதுன்னே தெரியல சார்."

சட்டை அவன் அளவுக்கு வந்தது. கன்னத்தில் சதை வைத்தது. ஆடி மாதம் தள்ளுபடிக் கூட்டத்தில் ஜவுளிக்கடை முதலாளி எட்டிப் பார்த்து, "நம்ம பையன் எப்படி இருக்கான்?" என்று அவராகவே கேட்டார். நம்ம பையன்! நான் மார்பைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வேலை வாங்கிக் கொடுப்பது இவ்வளவு சுலபமா என்று, எனக்கே ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா என்று கூட யோசித்தேன்.

ஆவணியில் ஒரு காலை, காப்பியோடு போனவன் எழுப்பிப் பார்த்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தான். "ஐயா எந்திரிக்க மாட்டேங்கிறாரு சார்." அவனுக்குத் தெரிந்திருந்தது. சாவை நிறையப் பார்த்தவன். ஆனாலும் அப்படித்தான் சொன்னான்.

மகன்களுக்குத் தந்தி கொடுத்தோம். நடத்திவிடுங்கள், பதினாறாம் நாளுக்கு வருகிறோம் என்று பதில் வந்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. விமானம் பிடித்துச் சென்னையில் இறங்கி, பஸ் ஏறி வருவதற்குள் வெயில் தன் வேலையைக் காட்டிவிடும். சரி, கொள்ளி யார் வைப்பது?

நெரவியிலிருந்து பங்காளி ஒருவர் வந்திருந்தார். தூரத்திலேயே நின்றார். தெருப் பெரியவர் அவரைக் கேட்டார்.

"மன்னிச்சுக்கணும். தை மாசம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் பண்ணியிருக்கு. கொள்ளி வச்சா வருஷம் முழுக்க நல்லது கெட்டது செய்யப்படாது."

தெருவில் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஒருவருக்கு அப்பா உயிரோடு. ஒருவர் சபரிமலைக்கு மாலை போடப் போகிறாராம், கார்த்திகைக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. என்னைப் பார்த்தார்கள். என் மனைவி மூன்றாவது பிள்ளைக்கு வயிற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கர்ப்பிணி புருஷன் கொள்ளி தொடக் கூடாது. அந்தக் கர்ப்பத்துக்காக வீட்டில் இரண்டு தரப்பிலும் நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. அன்றைக்கு அது எனக்கு அரணாக நின்றது. வயிற்றிலிருந்த பிள்ளைக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

கதவோரம் நின்றிருந்த அவன் சொன்னான். "நான் வைக்கட்டுமாங்க?"

எல்லோரும் திரும்பினார்கள். பங்காளி கேட்டார். "நீ என்ன ஆளுங்கப்பா?"

"புயலடிச்ச ஊருங்க."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கேட்டு அவன் வேறு ஏதாவது சொல்லித் தொலைத்தால், மறுபடியும் ஆள் தேட வேண்டும்.

நான் அவனைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனேன். "டேய், தலைய மழிச்சுருவாங்க. தீபாவளிக்குக் கடையில சேரணும்ல? யோசிச்சுக்க."

"எங்கப்பாவ மண்ணு அள்ளுற வண்டியில அள்ளிக்கிட்டுப் போயி எல்லாரோடயும் ஒரே குழியில போட்டாங்க சார். மண்ணு தள்ளுறப்ப நான் அந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருந்தேன். எது எங்கப்பான்னு தெரியல." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "இவரு யாருன்னு தெரியுதுல்ல."

ஆற்றங்கரை மயானத்தில் தலையையும் மீசையையும் மழித்து, ஈர வேட்டியோடு நீர்க்குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்றுச் சுற்றினான். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஓட்டை போட, தண்ணீர் அவன் முதுகில் வழிந்தது. குடத்தைப் பின்னால் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கொள்ளி வைத்தான். ஒரு பிசகு இல்லை. இத்தனை நாள் மனசுக்குள் செய்து பார்த்திருப்பான் போலிருக்கிறது.

பதினாறாம் நாளுக்கு மூத்த மகன் வந்தார். கோட்டும், வாரிவிட்ட சுருள்முடியுமாக. அப்பா படத்தின் முன் மொட்டைத் தலையோடு உட்கார்ந்து பிண்டம் பிடித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தார். எனக்கு என்னவோ அவர் அழப் போகிறார் என்று தோன்றியது. அப்போது அந்தப் பங்காளி பக்கத்தில் போய், காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"தம்பி, ஒண்ணு சொல்லி வைக்கிறேன். கொள்ளி வச்சவனுக்குத்தான் சொத்து. நாளைக்கு அவன் பாத்தியதை பேசுனா எங்களக் கேக்கக் கூடாது."

மகனின் முகம் மாறியது. "யார் இவனுக்கு அந்த உரிமையக் குடுத்தது?"

"நீங்கதாங்க, தந்தியில நடத்திடுங்கன்னீங்க," என்றேன் நான். என் வாய் சும்மா இருந்த சரித்திரம் இல்லை.

"முசியே, நான் உங்ககிட்ட கேக்கல!" கோபத்திலும் பிரெஞ்சு மரியாதை விடாமல் 'ஐயா' போட்டுத்தான் கத்தினார். "எங்கப்பா. எங்க வீடு. என்னைக் கேக்காம எவனையோ புள்ளையாக்கி வச்சிருக்கீங்க!"

அவன் எழுந்து, கையில் ஒட்டியிருந்த எள்ளும் சோறுமாக, "எனக்கு ஒண்ணும் வேணாங்க," என்றான்.

"வேணாம்னு இப்பச் சொல்லுவே," என்றார் பங்காளி.

மகனைப் பொறுத்தவரை அதற்கு ஒரே நிவாரணம் அவன் அந்த வீட்டில் இல்லாமல் இருப்பதுதான். சாயங்காலத்துக்குள் தேக்குக் கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது. அவன் மூட்டையோடு என் கடை வாசலில் நின்றான். மூட்டை என்றால் இரண்டு சட்டை, கிழவரின் பழைய தொப்பி.

அவனையும் இழுத்துக்கொண்டு ஜவுளிக்கடைக்கு ஓடினேன். முதலாளி எட்டவே நிற்கச் சொன்னார். அவன் தலையைப் பார்த்ததும் அவர் கை தானாகக் கல்லாப் பெட்டி மேல் இருந்த சாமி படத்தைத் தொட்டுக்கொண்டது.

"என்னா வாத்தியாரே, விளையாடுறீங்களா? முகூர்த்தப் பட்டு எடுக்க வர்றவங்க முன்னாடி இப்படி ஒரு தலைய நிக்க வைக்கவா?"

"முடிதானங்க, வளந்துடும்."

"தலையில வளரும். ஜனங்க மனசுல? சரி, எம் பேச்சுக்கு நானே நிக்கிறேன். ஒரு வருஷம் கழியட்டும். அடுத்த தீபாவளிக்கு முடியோட வரட்டும், கண்ண மூடிக்கிட்டுச் சேத்துக்கறேன். ஆனா அதுக்குள்ள முடி வளரணும்."

என் வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். வீடு என்பது வாடகைக்கு ஒற்றை அறை. அதில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், வரப்போகும் ஒன்று. "பச்சப் புள்ள வர்ற வீட்ல கொள்ளி வச்ச கையோட ஒருத்தரக் கூட்டியாறீங்களே, மூளை இருக்கா?" என்றாள் மனைவி. பேறுகாலத்துக்குப் பயந்துகிடந்தவள். இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டர்களுக்கு நடுவே படுக்கச் சொன்னேன். இரண்டு வாரத்தில் கட்டிடச் சொந்தக்காரர் வந்தார். "கொள்ளிக்காரன் படுக்குற எடம்னு பேராயிருச்சு. மாடிய வாடகைக்குக் கேட்டு வந்தவன் ஓடிட்டான். அவன அனுப்புறியா, நீயும் சேந்து போறியா?" சேர்ந்து போயிருக்கலாம். போகவில்லை. அவன் பகலில் மட்டும் வந்து மெஷின்களைத் துடைத்துக் கொடுப்பான். ராத்திரி பஸ் ஸ்டாண்ட்.

கொள்ளிக்காரன் என்று கட்டிடக்காரர் சொன்னது ஊரில் ஒட்டிக்கொண்டது. முதலில் கூப்பிட்டது ஒரு விதவை செத்த வீடு. பிள்ளைகள் பிரான்சில். பங்காளிகளுக்கு ஏதோ காரணம். எங்கள் ஊரில் அப்படிப் பூட்டிய வீடுகளுக்கும், பூட்டப்படப் போகும் வீடுகளுக்கும் பஞ்சமில்லை. "அந்தப் பையன் எங்க இருப்பான்?" என்று என்னிடம் கேட்டு வந்தார்கள். எம்ப்ளாய்மென்ட் அல்லவா நான். அவன் போனான். வளர்ந்திருந்த விரற்கடை முடியும் போனது. சோறு போட்டு, வேட்டி துண்டு எடுத்துக் கொடுத்து அனுப்பினார்கள். பிறகு இன்னொரு வீடு. மழையில் ஒன்று. வெயிலில் ஒன்று.

சொல்தா வீட்டுக் கதை எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் புதிதாக ஒரு சடங்கும் சேர்ந்துகொண்டது. கொள்ளியை அவன் கையில் கொடுக்கும் முன், மயானத்தில் கூடியிருக்கும் ஊர் முன்னால் அவன் உரக்கச் சொல்ல வேண்டும்: "இந்த வீட்ல எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்ல." பெரியவர் கேட்பார், "கேட்டுச்சா?" எல்லோரும் "கேட்டுச்சு" என்பார்கள். அதற்கப்புறம்தான் நெருப்பு. ஒரு தடவை காற்றில் சரியாகக் கேட்கவில்லை என்று மறுபடியும் சொல்ல வைத்தார்கள். ஈர வேட்டியில் நடுங்கிக்கொண்டே சொன்னான். அங்கே நின்றிருந்த எனக்கு அன்றைக்கு ஒரு வேடிக்கையும் தோன்றவில்லை. வேடிக்கை தோன்றாமல் போவது எனக்கு நோய் மாதிரி.

அடுத்த புரட்டாசி வந்தது. சித்திரைக்குப் பிறகு யாரும் சாகாமல் ஊர் அவனுக்கு உபகாரம் செய்திருந்தது. வகிடு எடுக்கும் அளவுக்கு முடி. எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வந்து நின்றான். ஜவுளிக்கடைக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். முதலாளி சுற்றிப் பார்த்து, "அட, லட்சணமாத்தான் இருக்கான். ஆயுத பூஜை முடிஞ்ச மறுநாள் அனுப்புங்க," என்றார். ஒரு மெல்லிய நீல வாயில் சேலையை மேஜை மேல் பிரித்துப்போட்டு, "எங்க, மடி பாப்போம்" என்றார். அவன் மடித்தான். ஓரத்தோடு ஓரம் பொருந்தும்வரை மூன்று தடவை பிரித்துப் பிரித்து மடித்தான். முகர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன், முதலாளி பார்க்கவில்லை.

சரஸ்வதி பூஜைக்காக மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் வந்தார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு கிழவி. மகன்கள் இருவரும் பாரிஸ் பக்கம்.

"அவன் ஊர்ல இல்லீங்க," என்றேன். பொய் சொல்வதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

உள்ளேயிருந்து மண்ணெண்ணெய்த் துணியோடு அவன் எழுந்து வந்தான். "எந்தத் தெருங்க?"

அவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவன் சட்டையைப் பிடித்தேன். "பைத்தியமா உனக்கு? இன்னும் நாலு நாள். நாலே நாள்! கடையில சேந்துட்டா அப்புறம் உன்ன யாரும் கூப்பிட மாட்டாங்க."

"ஆமா சார். கூப்பிட மாட்டாங்க."

"அப்புறம் என்னடா?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "கடையில நான் போகாட்டி வேற ஒருத்தன் மடிப்பான் சார். இங்க நான் போற வரைக்கும் பொணத்த எடுக்க மாட்டாங்க."

நான் அவன் சட்டையை விட்டேன். தலை வாரியிருந்த எண்ணெய் மினுமினுக்க, வாசலில் நின்ற இருவருக்கும் முன்னால் அவன் நடந்து போனான். அவர்கள் வழி காட்டத் தேவையிருக்கவில்லை.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலை ஷட்டரைத் திறக்க வந்தபோது நின்றிருந்தான். வெயிலில் புது மொட்டை வெளுத்துத் தெரிந்தது. பக்கத்தில் பஸ் ஸ்டாண்டில் படுக்கும் இன்னொருவன், பதினெட்டு வயது இருக்கும், மிரள மிரளப் பார்த்தான். இவன் அவன் தலையில் கைவைத்துக் குனிய வைத்து எனக்குக் காட்டினான்.

"கடைக்கு இவன அனுப்புங்க சார். இவனுக்கு நல்ல முடி."